மேல்கோர்ட்டுக்குப் போவது கேஸ் கட்டு மட்டும்தான்



அப்பீலைப் பற்றிப் பேசுவதற்குத் திருத்தங்கலைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. உங்களைக் குளிர வைப்பதற்காகச் சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையை எடுத்துப் பாருங்கள். மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து, பாண்டியர்கள் நீதி தவறாதவர்கள் என்று வாதாடுகிறது. அதற்கு ஆதாரமாக அது காட்டுகிற வழக்கு தங்கால் வழக்கு, அதாவது உங்கள் ஊர் வழக்கு.

சோழ நாட்டுப் பராசரன் சேர மன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் தங்காலில் இளைப்பாறுகிறான். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவன் வார்த்திகனின் மகன் தக்கிணன். வாயில் பால் மணம் மாறாத பையன், மழலை பேசிக்கொண்டே வேதத்தைப் பிசகாமல் ஓதுகிறான். மகிழ்ந்துபோன பராசரன் முத்துப் பூணூல், கடகம், தோடு எல்லாம் கொடுத்துவிட்டுப் போகிறான். திடீரென்று ஒரு வீட்டில் நகை மின்னினால் ஊர் சும்மா இருக்குமா? அரசு ஊழியர்கள் வருகிறார்கள். ராஜாவுக்குச் சேர வேண்டிய புதையலை அமுக்கிவிட்டான் என்று வார்த்திகனைச் சிறையில் தள்ளுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயில் கதவு மூடிக்கொள்கிறது, யார் தள்ளியும் திறக்கவில்லை. நாட்டில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று பாண்டியன் விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுக்கிறான். அதற்குப் பிறகுதான் கதவு திறக்கிறது. அத்தோடு நிற்காமல், இனிமேல் புதையல் கண்டெடுத்தவனுக்கே சொந்தம் என்று ஓர் உத்தரவும் போடுகிறான்.

இதை வக்கீல் கண்ணோடு படியுங்கள். கீழே இருந்தவர்கள் செய்த பிழை என்ன? பொருள் இருக்கிறது, ஆகவே திருட்டு என்று ஒரே தாவாகத் தாவிவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்கவே இல்லை. மேலே இருந்தவன் மூன்று காரியம் செய்தான். நடந்தது என்ன என்று மறுபடி பார்த்தான், பாதிக்கப்பட்டவனுக்குப் பரிகாரம் கொடுத்தான், விதியையே மாற்றினான். மூன்று அதிகாரமும் ஒரே கையில் இருந்தது. இன்றைக்கு அந்த மூன்றும் பிரிந்து கிடக்கின்றன. எந்தப் படியில் எது கிடைக்கும் என்று தெரியாமல் ஏறுகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம்.

'இங்கே என்ன ஆனாலும் ஆகட்டும் வக்கீல் சார், மேலே போய்ப் பார்த்துக்கலாம்.' சிவில் வழக்கு நடத்துகிற எந்த வக்கீலும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். நான் இன்றைக்குப் பேச வந்தது இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான். மேலே போவது நீங்கள் இல்லை. உங்கள் சாட்சியும் இல்லை. கீழ்க்கோர்ட்டில் சேர்ந்த கட்டு ஒன்றுதான் மேலே போகிறது. பிராது, எதிருரை, சாட்சிகள் சொன்னதன் பதிவு, சான்றாவணங்கள், தீர்ப்பு. கட்டில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் மேல்கோர்ட் படிக்கும்.

உதாரணமாக ஒரு வரப்புத் தகராறு. கருவேல வேலியைப் பக்கத்துக்காரர் இரண்டு முழம் தள்ளிப் போட்டுவிட்டார் என்று வழக்கு. முன்சீப் கோர்ட் ஒரு அட்வகேட் கமிஷனரை நியமிக்கிறது. அவர் சர்வேயரோடு வருகிறார். சங்கிலி பிடித்து அளக்கிறார்கள், புலப்படத்தோடு ஒப்பிடுகிறார்கள். பழைய கல் ஒன்று புதருக்குள் கிடக்கிறது. அதை நீங்கள் காட்டுகிறீர்கள், கமிஷனரும் பார்க்கிறார். ஆனால் அறிக்கையில் கல்லைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அறிக்கை வந்த பிறகு ஆட்சேபணை மனு போட வேண்டும், கமிஷனரைக் கூண்டில் ஏற்றி 'கல் இருந்ததா இல்லையா' என்று கேட்க வேண்டும். போடவில்லை, கேட்கவும் இல்லை. அப்பீலில் நின்றுகொண்டு 'ஐயா, அங்கே ஒரு கல் இருக்கிறது' என்றால், ஜில்லா ஜட்ஜ் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காரில் வந்து புதரை விலக்கிப் பார்க்க மாட்டார். பதிவில் எங்கே இருக்கிறது என்று கேட்பார்.

புதிதாக ஆதாரம் கொடுக்க வழியே இல்லையா என்றால், உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 41, விதி 27. கீழ்க்கோர்ட் வாங்கியிருக்க வேண்டிய ஆதாரத்தை வாங்க மறுத்திருந்தால் கொடுக்கலாம். எவ்வளவு முயன்றும் முன்னால் கைக்குக் கிடைக்கவே இல்லை என்றால் கொடுக்கலாம். தீர்ப்புச் சொல்ல இது இல்லாமல் முடியாது என்று அப்பீல் கோர்ட்டே நினைத்தால் கேட்டு வாங்கலாம். 'வீட்டு மச்சில் தாத்தா டிரங்குப் பெட்டியில் பத்திரம் இருந்தது, தேடிப் பார்க்கத் தோன்றவில்லை' என்பது இந்த மூன்றில் எதிலும் சேராது.

சரி, படிகளுக்கு வருவோம். முதல் மேல்முறையீடு, அதாவது 96ஆவது பிரிவு. உங்களுக்கு உரிமையாகக் கிடைக்கிற பெரிய வாய்ப்பு இதுதான். சட்டமும் திறந்திருக்கும், சங்கதியும் திறந்திருக்கும். முன்சீப் நம்பிய சாட்சியை நம்ப வேண்டியதில்லை என்று அப்பீல் கோர்ட் சொல்லலாம். ஆனால் அதற்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. 2001இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. கீழ்க்கோர்ட் தீர்ப்பை ஒப்புக்கொள்வதானால் அதன் காரணங்களை எல்லாம் திரும்ப எழுத வேண்டியதில்லை. மாற்றுவதானால் அந்தக் காரணங்களோடு நேருக்கு நேர் மோத வேண்டும், அவை ஏன் நிற்காது என்று எழுத வேண்டும். 'எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது' என்றால் போதாது.

ஏன் இந்தத் தயக்கம்? முன்சீப் சாட்சியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். புரோநோட்டு வழக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், சிவகாசிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. கையெழுத்து என்னுடையது இல்லை என்கிறார் பிரதிவாதி. குறுக்கு விசாரணையில் வேறொரு ரசீதைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்கிறார்கள். மனிதர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், வக்கீலைப் பார்க்கிறார், தொண்டையைச் செருமுகிறார், கடைசியில் 'ஞாபகமில்லை' என்கிறார். பதிவில் ஏறுவது 'ஞாபகமில்லை' மட்டும். அதற்கு முன்னால் நடந்த அந்த நாடகம் ஏறாது. சாட்சி நடந்துகொண்ட விதத்தைப் பற்றிக் குறிப்பு எழுத நீதிபதிக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் சமயம் பார்த்துக் கேட்டால் சிலர் எழுதுவார்கள். எழுதினால், அந்த ஒற்றை வரி மேலே போய்ப் பத்துப் பக்க வாதத்துக்குச் சமமாக நிற்கும்.

இங்கே எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. 2002 திருத்தத்துக்குப் பிறகு முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகத்தான் வருகிறது. வக்கீல் ஆபீசில் டைப் அடித்த காகிதம். குறுக்கு விசாரணையைக்கூட கமிஷனர் முன்னால் நடத்தலாம். அப்படி நடந்த வழக்கில் முன்சீப் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவருக்கும் கட்டுதான், ஜில்லா ஜட்ஜுக்கும் அதே கட்டுதான். அந்த மாதிரி வழக்குகளில் 'சாட்சியை நேரில் கண்டவர்' என்ற மரியாதையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் தவறில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த படி செகண்ட் அப்பீல். 2004 ஜூலை 24இல் மதுரைக் கிளை திறந்த பிறகு நமக்குச் சென்னைப் பயணம் மிச்சம். ஆனால் தூரம் குறைந்ததே தவிர வாசல் அகலமாகவில்லை. 1976 திருத்தத்துக்குப் பிறகு 100ஆவது பிரிவில் கணிசமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தக் கேள்வி என்ன என்று அனுமதிக்கும்போதே நீதிபதி எழுத்தில் வடிக்க வேண்டும். எது கணிசமான கேள்வி என்பதற்கு இன்றுவரை நாடெங்கும் சொல்கிற அளவுகோல் 1951இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வகுத்தது, 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. மேலிடத்தில் முடிவாகாத கேள்வியா, இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவான சட்டத்தை உங்கள் சங்கதிக்குப் பொருத்துவது மட்டும்தான் பாக்கி என்றால் அது கேள்வியே இல்லை.

சங்கதியில் தவறு நடந்திருந்தால்? அன்றைக்கு நமக்குக் கடைசி மேல்கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1890களிலேயே கறாராகச் சொல்லிவிட்டது. சங்கதியில் கீழே நடந்த பிழை எவ்வளவு பெரியதாகத் தெரிந்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் செகண்ட் அப்பீலைக் கையிலெடுக்க அதிகாரம் இல்லை. விதிவிலக்கு உண்டு. ஆதாரமே இல்லாமல் முடிவுக்கு வந்திருந்தால், முக்கிய ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், பத்திரத்தின் வாசகத்தைத் தப்பாகப் பொருள் கொண்டிருந்தால், அது சட்டக் கேள்வியாகிவிடும். இன்னொன்று: ₹25,000க்கு மேற்படாத பணப் பாக்கி வழக்குக்குச் செகண்ட் அப்பீலே கிடையாது. சில்லறைக் கடன்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

உச்ச நீதிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. 136ஆவது சரத்தில் அவர்கள் விரும்பினால் அனுமதி தருவார்கள். அதை உங்கள் உரிமை என்று நினைத்து நிலத்தை விற்காதீர்கள். சங்கதியில் கை வைக்கத் தயங்குவது நம் மேல்கோர்ட்டுகள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1791இலிருந்து அரசியல் சாசனமே தடை போட்டிருக்கிறது: ஜூரி முடிவு செய்த சங்கதியை மேலே உள்ள எந்தக் கூட்டாட்சிக் கோர்ட்டும் பழைய பொதுச்சட்ட முறைக்கு வெளியே போய்க் கிளறக் கூடாது.

இனி, இந்த வட்டாரத்தில் பேசத் தயங்குகிற ஒரு வழக்கு. தயங்காமல் பேச வேண்டிய வழக்கும் அதுதான்.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். அந்தக் கோயிலின் பரம்பரை தர்மகர்த்தா ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரை சிகாகோவுக்குப் போகச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் என்று நாம் கொண்டாடுகிற அதே சேதுபதி. அவர் பெயரில் 1898இல் மதுரை சப் கோர்ட்டில் வழக்கு. நுழைய உரிமையில்லை என்று விளம்புகை வேண்டும், இனி நுழையாதபடி தடை வேண்டும், கோயிலைச் சுத்தி செய்த செலவுக்கு நஷ்டஈடு வேண்டும். வழக்கு நடக்கும்போதே 1899 ஜூன் 6இல் சிவகாசி நாடார்கள் தாக்கப்பட்ட சிவகாசிக் கொள்ளை. உங்கள் வீடுகளில் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. அதே ஆண்டில் சப் ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். வாதிக்கு வெற்றி.

அந்த வழக்கில் கோர்ட் முன்னால் இருந்த கேள்வி என்ன என்பதைக் கவனியுங்கள். மனிதனை மனிதன் தடுப்பது நியாயமா என்பதல்ல. அந்தக் கோயிலில் வழக்கம் எப்படி இருந்தது என்பது. வழக்கம் என்பது சங்கதி. சங்கதி சாட்சியால் தீரும். மதுரையில் கூண்டேறியவர்கள் சொன்னது, தாக்கலான ஆவணங்கள், அவற்றிலிருந்து சப் ஜட்ஜ் எடுத்த முடிவு, எல்லாம் கட்டாகச் சென்னைக்குப் போயின. 1901இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போயின. இரண்டு கோர்ட்டும் ஒத்துப்போன சங்கதியைச் சாதாரணமாகத் தொடுவதில்லை என்பது பிரிவி கவுன்சிலின் பழக்கம். 1908இல் சங்கரலிங்க நாடான் எதிர் ராஜ ராஜேஸ்வர துரை என்ற பெயரில் முடிவு வந்தது. மதுரையில் தோற்றது லண்டனிலும் தோற்றது. அதற்குள் பாஸ்கர சேதுபதி காலமாகி, தலைப்பில் மகன் பெயர் வந்துவிட்டது.

இடையில் நடந்த ஒன்றுதான் என்னை இந்த வழக்கை விட்டு நகர விடுவதில்லை. சென்னையில் அப்பீல் நிலுவையில் இருந்தபோது பாஸ்கர சேதுபதி எதிர்த்தரப்போடு ராஜியாகப் போக ஒப்புக்கொண்டார். வழக்குப் போட்டவரே சரி என்கிறார். இரண்டு தனி மனிதர்களின் வரப்புச் சண்டையாக இருந்திருந்தால் வழக்கு அன்றே முடிந்திருக்கும். ஆனால் கோர்ட் அந்த ராஜியை ஏற்கவில்லை. ராஜா தன் சொந்தச் சொத்துக்காக வழக்காடவில்லை, தர்மகர்த்தா என்ற முறையில் வழக்காடினார். தான் பாதுகாக்க வேண்டிய கோயிலின் வழக்கத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்பது கோர்ட்டின் நிலை, லண்டனிலும் அதுவே நின்றது. சட்டப்படி பார்த்தால் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். அதன் விளைவு கசப்பானது. மனம் மாறிய ஒரு மனிதரைவிடச் சட்டப் புத்தகம் இறுக்கமாக இருந்தது.

ஆக, மூன்று படி ஏறியும் மாறாத ஒன்று எப்படி மாறியது? 1939 ஜூலை 8இல் வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள், அதுவரை அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் முதலானவர்களை அழைத்துப் போனார். அந்தக் குழுவில் விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். நுழைந்த உடனே எழுந்த பயம் போலீஸ் பயமல்ல, சிவில் வழக்குப் பயம். கமுதித் தீர்ப்பு உயிரோடு இருக்கிறதே, நாளைக்கே யாராவது தடை கேட்டு, சுத்திச் செலவு கேட்டு வந்தால்? அதற்காகத்தான் ராஜாஜி அமைச்சரவை அதே ஆண்டில் அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. கோயிலுக்குள் போனவர்களையும் அனுமதித்த அதிகாரிகளையும் வழக்குகளிலிருந்து காப்பாற்றுகிற சட்டம். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் எல்லா இந்துக்களுக்கும் பொதுவாகக் கதவைத் திறந்தது. கமுதித் தீர்ப்பை எந்த மேல்கோர்ட்டும் அப்பீலில் ரத்து செய்யவில்லை. அது நின்ற தரையைச் சட்டசபை அகற்றியது. தங்கால் வழக்கில் பாண்டியன் மூன்றாவதாகச் செய்த காரியம் இன்றைக்குச் சட்டசபையின் கையில் இருக்கிறது. அப்பீல் ஜட்ஜிடம் அதைக் கேட்கிறவர்கள் தவறான வாசலில் நிற்கிறார்கள்.

கடைசியாகக் கைக்கு உதவுகிற சில விஷயங்கள். தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். ஜில்லா கோர்ட், சப் கோர்ட் அப்பீலுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் எடுக்க ஆகிற நாட்களைக் கழித்துக்கொடுப்பார்கள், நீங்கள் நகல் மனு போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களைக் கழிக்க மாட்டார்கள். அப்பீல் போட்டாலே டிக்ரி நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்டே தனியாக வாங்க வேண்டும். பண டிக்ரியாக இருந்தால் தொகையைக் கட்டு, இல்லையென்றால் ஜாமீன் கொடு என்பார்கள். ஸ்டே இல்லாமல் அப்பீல் நம்பரை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர்களின் வீட்டுக்கு அமீனா வந்திருக்கிறார்.

ஜெயித்தவருக்கும் ஒரு வார்த்தை. பத்து ஏக்கர் கேட்டு ஆறு கிடைத்திருக்கிறது, எதிரி அப்பீல் போட்டுவிட்டான் என்றால் சும்மா இருக்காதீர்கள். மீதி நாலுக்குக் குறுக்கு ஆட்சேபணை போட உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. அப்பீல் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

ராஜியாகப் போவதற்கும் அப்பீல் ஒரு நல்ல சமயம். சொந்தச் சொத்து என்றால் கமுதி வழக்கில் ராஜாவுக்கு இருந்த தடை உங்களுக்கு இல்லை. இரண்டு பேருக்கும் காகிதத்தில் தங்கள் பலம் பலவீனம் தெரிந்துபோயிருக்கும். கட்டிய கோர்ட் ஃபீஸ் போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நம் ஊர் வழக்கு ஒன்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் நிலுவையில் இருந்தபோது இரு தரப்பும் வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கோர்ட் அனுப்பிய சமரசத்துக்குத்தான் ஃபீஸ் திரும்பும், நீங்களாகப் பேசிக்கொண்டதற்குக் கிடையாது என்றது பதிவுத்துறை. நீதிபதிகள் திருப்பிக்கொடு என்றார்கள். உயர் நீதிமன்ற நிர்வாகம் தன் நீதிபதிகளின் உத்தரவை எதிர்த்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் அந்த மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், தாங்களாகவே பேசித் தீர்த்தவர்களுக்கும் ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது.